ஓசூரிலிருந்து ஒகேனக்கல் வரை: ஒரு பழைய மலையின் வேரைத் தேடி

நாள் 1: ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி

தை பிறந்து பத்து நாள். ஓசூரில் காலை ஏழு மணிக்கும் பனி விலகவில்லை. பேருந்து நிலையத்துக்கு எதிர் டீக்கடையில் மாமா மப்ளரைக் காதோடு சுற்றிக்கொண்டு காத்திருந்தார். 32 வருடம் கிரானைட் குவாரிகளில் இருந்தவர். எந்தப் பாறையை எந்தப் பக்கம் அறுத்தால் பிளாக் உடையாமல் வரும் என்று பார்த்துச் சொல்வதுதான் அவர் வேலை. நான் பள்ளியில் புவியியல் நடத்துகிறேன். ஐந்து நாள் அவருடைய பழைய மாருதியில் சுற்றுவதாகப் பேச்சு.

இந்தப் பயணத்துக்குக் காரணம் என் வகுப்பில் படிக்கும் ஒரு பெண். பூமியின் மேற்பகுதி பெரிய பெரிய தட்டுகளாகப் பிரிந்து மெதுவாக நகர்கிறது என்று சொல்லும் புவித்தட்டுகள் பாடம் நடந்துகொண்டிருந்தது. எழுந்து நின்று கேட்டாள்: "தட்டு மோதுறது இமயமலையில சார். இங்கேயிருந்து ரெண்டாயிரம் கிலோமீட்டர் இருக்கும். நமக்கு அதனால என்ன?" நான் இரண்டு வரியில் ஏதோ சொல்லி உட்கார வைத்தேன். அந்தப் பதில் போதாது என்று அன்று இரவே தெரிந்தது. அவளுக்கான பதில் நான் பிறந்த ஊர்ச் சாலையிலேயே கிடக்கிறது என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதைக் கண்ணால் பார்த்து எழுதிக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டும்.

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகத் தொப்பூர் இறங்கும் 44ஆம் எண் நெடுஞ்சாலையில் லாரி ஓட்டுகிறவர்கள் தினமும் போய் வருகிறார்கள். பாறை படித்தவர்களுக்கு அது இன்னொரு வகையான சாலை. வடக்கே ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் கிடக்கும் பாறைகள் பூமிக்குள் ஓரளவு ஆழத்தில் உருவானவை. தெற்கே போகப் போக, இன்னும் ஆழத்தில், இன்னும் அதிகச் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்த பாறைகள் வருகின்றன. நிலத்தின் மேல் நாம் சமமாகத்தான் போகிறோம். ஆனால் பாறைக் கணக்கில் பூமிக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறோம்.

மாமாவுக்கு இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். அவர் தொழிலிலிருந்தே சொன்னேன். பலகைக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பத்து அடுக்கு. அந்த அடுக்கின் ஒரு பக்கத்தைத் தூக்கிச் சாய்த்து வை. மேலே துருத்திக்கொண்டிருப்பதையெல்லாம் மட்டமாக அறுத்துத் தள்ளு. இப்போது அறுத்த முகத்தில் ஒரு ஓரத்தில் மேல் கல் தெரியும், மறு ஓரத்தில் அடிக்கல் தெரியும். இந்த நிலம் அப்படிச் சாய்ந்தது. மழையும் காற்றும் பல கோடி வருடம் அறுத்தன. மாமா டீயை வைத்துவிட்டு, "அப்போ மேல இருந்த கல்லெல்லாம் எங்கே போச்சு?" என்றார். மணலாகி, வண்டலாகி, ஆறுகளோடு கடலுக்குப் போய்விட்டது. தலைக்கு மேலே இருந்த ஒரு மலைத்தொடரே கரைந்து போயிருக்கிறது என்று நினைத்தால் எனக்கு இப்போதும் மூச்சு நிற்கிறது.

சூளகிரி தாண்டியதும் வெயில் வந்தது. கிருஷ்ணகிரி வரை சாலைக்கு இரண்டு பக்கமும் மாந்தோப்பு; பூத்திருந்தது. வேலிக்குக்கூட இங்கே கல்தூண்கள்தான். மதியம் சையத் பாஷா மலையில் ஏறினோம். கோட்டையைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு மலையே போதும். வழுக்கையாக நிற்கும் அந்தப் பாறை முழுவதும் வரி ஓடுகிறது. வெள்ளையும் கறுப்புமாக, சில இடங்களில் இளஞ்சிவப்பும் கலந்து, வளைந்தும் சுருண்டும் போகிற வரி. பாறை முழுக்க உருகாமல், பாதி உருகி இளகிக் குழைந்த நிலையில் நசுக்கப்பட்டால் இப்படி ஆகும். இந்த வட்டாரத்தின் பாறைகளுக்கு ஏறக்குறைய 250 கோடி வருட வயது.

அந்த நசுக்கல் எங்கிருந்து வந்தது? 250 கோடி வருடங்களுக்கு முன் இங்கே தீவுக்கூட்டங்களும் சிறு கண்டத் துண்டுகளும் வந்து இடித்து ஒட்டிக்கொண்டன என்பதே பாறை அறிஞர்கள் பலரின் கருத்து. இன்று இமயத்தில் நடக்கும் காரியத்துக்கு அது உறவுமுறை.

மலைக்குப் பக்கவாட்டில் ஒரு பாறை மேல் இன்னொரு பாறை, சின்ன அடியில் பெரிய தலையாக நிற்பதைப் பார்த்து மாமா, "நான் சின்னப் பையனா இருந்தப்பவும் இது இப்படியேதான் நின்னுச்சு" என்றார். கலிபோர்னியாவில் இப்படி நிற்கும் பாறைகளைத் தேடிப் போய் அளக்கிறார்கள். எவ்வளவு குலுங்கினால் அது கவிழும் என்று கணக்குப் போடலாம். கவிழாமல் நிற்கிறது என்றால், அது அப்படி நிற்கத் தொடங்கிய நாளிலிருந்து அந்த அளவுக்கு அந்த இடம் குலுங்கவில்லை. கருவி வைத்து நிலநடுக்கத்தை அளக்கத் தொடங்கி நூறு, நூற்றைம்பது வருடம்தான் ஆகிறது. அதற்கு முந்தைய காலத்துக்கு இந்த மாதிரிப் பாறைகள்தான் சாட்சி. வெடி வைத்து இவற்றை ஜல்லியாக்கும்போது அந்தச் சாட்சியும் போகிறது. இது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

நாள் 2: கல் அறுக்கும் இடத்தில்

காலையில் மாமாவின் பழைய நண்பர் ஒருவர் நடத்தும் பாலிஷ் பட்டறைக்குப் போனோம். கல்லைப் பலகைகளாக அறுக்கும் 'கேங் சா' இயந்திரம் ஓடும் சத்தத்தில் காதோடு காது வைத்துப் பேச வேண்டியிருந்தது. தண்ணீரும் கல்மாவும் கலந்து தரையெல்லாம் சாம்பல் நிறக் குழம்பு.

ஒரு பக்கம் 'பாரடைசோ' பலகைகள் சாய்த்து வைத்திருந்தார்கள். ஊதாவும் பழுப்புமாக அலை அலையாகப் போகும் கல். நிறைய வீட்டுச் சமையல் மேடைகளில் இருக்கும். நேற்று மலையில் பார்த்த அதே மடிப்புதான், இங்கே கண்ணாடி மாதிரிப் பளபளப்பாக. ஒரு மடிப்பைக் கையால் தொட்டுக்கொண்டே போனேன். வளைந்து, திரும்பி, மறுபடி வளைகிறது. கல் இப்படி வளைய வேண்டுமானால் அது ஆழத்தில், சூட்டில், மெதுவாக நெருக்கப்பட்டிருக்க வேண்டும். அவசரப்படுத்தினாலோ குளிர்ந்திருந்தாலோ வளையாது, உடையும். பாடத்தில் மடிப்பு ஒரு பக்கமும் பிளவு அடுத்த பக்கமுமாகத் தனித்தனியே வரும். இரண்டுக்கும் காரணம் ஒரே நெருக்கல். மேலே குளிர்ந்த பகுதியில் அது பிளவாகிறது, கீழே சூடான பகுதியில் மடிப்பாகிறது.

அப்புறம் மாமா என்னை மூலைக்கு அழைத்துப் போனார். கழித்துப் போட்ட பலகைகள். "மாப்ள, நீ கேட்டது இதுதானே?" ஒரு பலகையின் குறுக்கே வெள்ளை நரம்பு ஓடிவந்து, நடுவில் ஒரு கோட்டில் பட்டென்று நின்றுவிட்டது. கோட்டுக்கு அந்தப் பக்கம் நான்கு விரல்கடை கீழே தள்ளி மறுபடி தொடங்கியது. "இது வந்துச்சுன்னா அந்த பிளாக்கை ஏற்றுமதிக்கு எடுக்க மாட்டாங்க. நரம்பு சேராது."

இதுதான் பிளவு. வெறும் விரிசல் என்றால் பாறை உடைந்திருக்கும், இரண்டு பக்கமும் இருந்த இடத்திலேயே இருக்கும். பிளவில் உடைந்த இரண்டு பக்கமும் ஒன்றையொன்று உரசி நகர்ந்திருக்கும். நரம்பு சேராமல் போவது அந்த நகர்வின் கணக்குப் புத்தகம். மாமா 32 வருடமாகக் கழித்துப் போட்டது அவ்வளவும் பழைய நிலநகர்வுகளின் பதிவு. இதை அவரிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் அந்தப் பலகை முன்னாலேயே நின்றார்.

வாசலில் உட்கார்ந்து, இரண்டு உடைந்த கல்லை வைத்தே பிளவின் மூன்று வகையையும் பேசினோம். நிலத்தை இரண்டு பக்கமும் இழுத்தால் பிளவின் ஒரு பக்கம் கீழே சரியும். இரண்டு பக்கமும் நெருக்கினால் ஒரு பக்கம் இன்னொன்றின் மேல் ஏறும். பக்கவாட்டில் தேய்த்தால் ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒன்றையொன்று கடந்து போகும். கலிபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் அப்படி. கண்டங்கள் மோதும் இடத்தில் இரண்டாவது வகைதான் ஆட்சி. இமயம் முழுக்கவே அப்படி ஏறிய பாளங்கள், ஒன்றன்மேல் ஒன்று.

மாமா கேட்டார்: "ஏறுறது சரி. ஏன் குலுங்கணும்? மெதுவா ஏறிட்டுப் போகலாமே."

நல்ல கேள்வி. கல்லும் கல்லும் உரசும் இடம் வழுக்குவதில்லை, பற்றிக்கொள்கிறது. ஆனால் பின்னாலிருந்து தள்ளுவது நிற்காது. இந்தியத் தட்டு வருடத்துக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் வடகிழக்கே போகிறது. அதில் 2 சென்டிமீட்டர் அளவுக்கு இமயத்திலேயே வாங்கிக்கொள்ளப்படுகிறது, மீதி திபெத்துக்கும் அதற்கு அப்பாலும் போகிறது. வருடத்துக்கு 2 சென்டிமீட்டர் என்றால் பெரிதாகத் தோன்றாது. பிளவு நூறு வருடம் பற்றிக்கொண்டே இருந்தால் 2 மீட்டர் நகர்வு பாக்கி. அத்தனை நாளும் பாறை மூங்கில் மாதிரி வளைந்து கொடுத்துக்கொண்டிருக்கும். ஒரு நாள் பிடி விடும். வளைந்த மூங்கிலை விட்டால் எப்படி அடிக்குமோ அப்படி, பல மீட்டர் நகர்வு சில நொடிகளில் நடந்து முடிகிறது. 1906இல் சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்துக்குப் பிறகு, பிளவின் இரண்டு பக்கமும் வேலிகள் உடைந்து விலகியிருப்பதை அளந்து பார்த்து ஹாரி ரீட் என்பவர் சொன்ன விளக்கம் இது. இன்றும் இதுதான் அடிப்படை.

பிடி விட்ட இடம் மையம். அதற்கு நேர் மேலே நிலத்தில் இருக்கும் இடம் மேல்மையம். அங்கிருந்து முதலில் கிளம்பி வருவது அமுக்கி விரியும் அலை, பாறைக்குள் நொடிக்கு 6 கிலோமீட்டர் போல ஓடும். பின்னால் பக்கவாட்டில் ஆட்டும் அலை வரும். வேகம் குறைவு, சேதம் அதிகம். ரிக்டர் என்று நாம் சொல்லும் அளவில் ஒரு எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் 32 மடங்கு கூடும். 5 என்பதும் 7 என்பதும் செய்தியில் பக்கத்துப் பக்கத்து எண்ணாகத் தெரிகின்றன. நடுவில் ஆயிரம் மடங்கு வித்தியாசம்.

திரும்பும்போது ஒரு கறுப்புக் கல் குவாரி. வரிப் பாறையைக் கிழித்துக்கொண்டு சுவர் மாதிரி நேராக ஓடும் கறுப்புப் பாறை. கல்லறைக்கும் சிலைக்கும் வெளிநாட்டில் விரும்பி வாங்கும் கல் இது. மோதி இறுகிய நிலம் பிற்காலத்தில் இழுபட்டு விரிந்தபோது, விரிசல்களில் கீழிருந்து ஏறிய குழம்பு உறைந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி முழுக்க இந்தக் கறுப்புச் சுவர்கள் உண்டு. மோதலுக்கு வரிக்கல், விரிவுக்குக் கறுப்புக்கல். ஒரே குவாரியில் இரண்டையும் தொட்டுப் பார்க்க முடிந்தது.

நாள் 3: தருமபுரி, தொப்பூர், இரவு மாமா வீடு

காவேரிப்பட்டணம் தாண்டி தருமபுரி. அதியமான்கோட்டை, அருங்காட்சியகத்து நடுகற்கள் எல்லாம் சிறுவயதிலிருந்து பார்த்தவை, நிற்கவில்லை.

தொப்பூர் கணவாயில் வண்டியை ஓரம்கட்ட இடம் கிடைப்பதே சிரமம். பாதுகாப்பான ஒரு இடத்தில் நிறுத்தி, உடைந்து கிடந்த ஒரு கல்லைக் கையில் எடுத்தோம். நேற்றைய வரி இதில் மங்கிவிட்டது. பச்சை கலந்த கருநீலம், உடைந்த முகத்தில் எண்ணெய் தடவியது போல மினுமினுப்பு. "கருங்கல்லு. ஜல்லிக்கு இதை மிஞ்சினது கிடையாது" என்றார் மாமா. புத்தகத்தில் இதன் பெயர் சார்னோகைட். கல்கத்தாவில் செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் இருக்கும் ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல் இந்த வகை. அது நம் சென்னைப் பக்கத்துப் பல்லாவரத்துக் கல். தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அவர் நினைவாகவே பெயர் வைத்தார். 20, 25 கிலோமீட்டர் ஆழத்தில், 700, 800 டிகிரி சூட்டில், ஈரப்பசை கிட்டத்தட்ட இல்லாமல் உருவாகும் பாறை இது. ஓசூரில் தொடங்கிய இறக்கம் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. திபெத்துக்கு அடியில் இன்று பூமியின் மேலோடு 70 கிலோமீட்டர் தடிமன், நம் பக்கத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. அங்கே ஆழத்தில் இந்த நிமிடமும் பாறை வெந்துகொண்டிருக்கிறது. அப்படி வெந்து முடிந்து, ஆறி, மேலே வந்த கல் என் உள்ளங்கையில்.

இரவு சாப்பிட்டு முடித்ததும் அத்தை பூஜை அலமாரியைத் திறந்தார். அவரிடம் ஒரு சாளக்கிராமம் இருக்கிறது என்று மாமா சொல்லியிருந்தார். 2014இல் இருவரும் யாத்திரைக் குழுவோடு நேபாளத்து முக்திநாத் போய் வந்தபோது வாங்கியது. கறுப்புக் கல். ஒரு பக்கம் உடைந்த வாயில், உள்ளே சுருண்டு சுருண்டு போகும் சக்கரம்.

"தொட்டுப் பாரு கண்ணு, கை கழுவிட்டுத்தானே வந்தே" என்று கையில் வைத்தார்.

சக்கரமாகத் தெரிவது ஒரு கடல் உயிரின் ஓடு. நத்தை போலச் சுருண்ட கூட்டில், கணவாய் மீனுக்கு உறவான ஒரு பிராணி வாழ்ந்தது. அம்மோனைட் என்று பெயர். ஜுராசிக் காலத்தில் கடலடிச் சேற்றில் புதைந்து கல்லானது. அந்தக் கல் கண்டகி நதியில், கடலிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி, இமயத்துக்குள் எப்படி வந்தது?

அத்தையிடம் சொன்னேன். இந்தியா ஒரு காலத்தில் ஆப்பிரிக்கா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியாவோடு ஒட்டிக்கொண்டு தெற்கே இருந்தது. பிரிந்து வடக்கே கிளம்பியது. 9 கோடி வருடங்களுக்கு முன் மடகாஸ்கரையும் விட்டுவிட்டு வந்தது. ஒரு கட்டத்தில் வருடத்துக்கு 15 சென்டிமீட்டருக்கு மேல் வேகம்; கண்டங்களில் அது பெரிய ஓட்டம். இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவில் டெதிஸ் என்ற கடல். இந்தியா நெருங்க நெருங்க, அந்தக் கடலின் தரை ஆசியாவுக்கு அடியில் புகுந்து உள்ளே போய்க்கொண்டிருந்தது. கடல்தரைப் பாறை கனமானது, அதனால் புதைய முடியும். ஏறக்குறைய 5 கோடி வருடங்களுக்கு முன் கடல் தீர்ந்துபோனது. கரையோடு கரை முட்டியது. கண்டத்துப் பாறை கனம் குறைந்தது, அதனால் அதைப் போல ஆழத்துக்குப் புதைந்து போக முடியவில்லை. பின்னால் தள்ளலும் நிற்கவில்லை. மடிந்தது, பிளந்தது, பாளம் பாளமாக ஒன்றன்மேல் ஒன்று ஏறியது. நடுவில் சிக்கிய கடலடிச் சேறும் கூடவே ஏறியது. எவரெஸ்ட் உச்சியில் இருப்பதும் கடலில் படிந்த சுண்ணாம்புக்கல்தான்.

அத்தை சாளக்கிராமத்தை வாங்கித் திரும்ப வைக்கும்போது, "அப்போ பெருமாள் கடல்லேயிருந்துதான் வந்திருக்கார்" என்றார். பாற்கடலைச் சொல்கிறாரா டெதிஸைச் சொல்கிறாரா என்று நான் கேட்கவில்லை. இரண்டுக்கும் பொருந்தி வந்தது.

பிறகு ஒரு ஆல்பத்தை எடுத்து வந்தார். காத்மாண்டுவில் ஒரு வெள்ளைக் கோபுரத்தின் முன்னால் அத்தையும் மாமாவும், பின்னால் பலூன் விற்கும் ஒரு பையன். தரஹரா. 1832இல் கட்டியது. 1934 ஜனவரி 15ஆம் தேதி, 8 அளவில் வந்த நிலநடுக்கத்தில் உடைந்தது. மறுபடி கட்டினார்கள். இந்தப் படம் எடுத்த அடுத்த வருடம், 2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை, மதியத்துக்குச் சற்று முன் 7.8 அளவில் மறுபடி நடுங்கியது. கோர்க்கா பகுதியில் 15 கிலோமீட்டர் போல ஆழத்தில் பிடி விட்டு, கிழக்கே காத்மாண்டுவுக்கு அடியில் 100 கிலோமீட்டருக்கு மேல் கிழித்துக்கொண்டு போனது. அந்த நகரம் ஒரு மீட்டர் அளவுக்கு மேலே எழும்பியது. ஏறத்தாழ 9,000 பேர் இறந்தார்கள். கோபுரம் மறுபடி விழுந்தது, உள்ளே ஆட்கள் இருந்தார்கள்.

"அந்தப் பையன் என்ன ஆனானோ" என்றார் அத்தை. ஒவ்வொரு முறை ஆல்பத்தைத் திறக்கும்போதும் இதைக் கேட்பார் என்று மாமா மெதுவாகச் சொன்னார்.

நாள் 4: ஒகேனக்கல்

பென்னாகரம் வழியாக ஒன்றரை மணி நேரம். பரிசல் துறையில் மீன் பொரிக்கும் வாசனை, எண்ணெய் தேய்க்கக் கூப்பிடும் குரல்கள். தண்ணீர் அளவாக இருந்ததால் பரிசல் விட்டார்கள். பாறைச் சுவர்களுக்கு நடுவே புகுந்ததும் வெளிச் சத்தம் அடங்கிவிட்டது, துடுப்புச் சத்தமும் எங்கோ அருவி இரைச்சலும் மட்டும்.

கிழக்கு நோக்கி வரும் காவிரி இந்தப் பகுதியில் தெற்கே திரும்பி மேட்டூருக்குப் போகிறது. ஆறு பாறையை வெட்டும்போது நல்ல கல்லோடு மல்லுக்கு நிற்காது, ஏற்கெனவே உடைந்த வழியைத் தேடும். இங்கே பள்ளத்தின் சுவர்கள் பல இடங்களில் கத்தியால் அறுத்தது போல நேராக இருப்பது அதனால். ஒரு விரிசலோடு ஓடி, இன்னொரு விரிசல் குறுக்கே வந்ததும் சட்டென்று திரும்புகிறது. பரிசல்காரர் பதினான்கு வயதிலிருந்து துடுப்புப் போடுகிறாராம். "தண்ணிக்குத் தெரியும் சார், எந்தக் கல்லு விடும்னு" என்றார்.

இந்தப் பகுதியில் இன்னொரு அபூர்வம், கார்பனடைட். எரிமலைக் குழம்பு என்றால் சிலிக்கா நிறைந்ததுதான் நமக்குத் தெரியும். இது சுண்ணாம்பு போன்ற கார்பனேட்டுகளே உருகிக் குழம்பாகி, மேலோட்டுக்கு அடியிலிருந்து விரிசல் வழியே ஏறி உறைந்த பாறை. ஒகேனக்கல்லில் கிடைப்பது ஏறக்குறைய 240 கோடி வருடப் பழையது. கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமல்பட்டியிலும் உண்டு, அது மிகவும் பின்னால் வந்தது. அதாவது ஒரே வட்டாரத்தில் நிலம் ஒரு முறை உடைந்து ஆறி, நூறு கோடி வருடத்துக்கு மேல் கழித்து மறுபடி ஆழம் வரைக்கும் உடைந்திருக்கிறது. உடைந்த இடமே மறுபடி உடைகிறது. தெற்கே பாலக்காட்டிலிருந்து காவிரியை ஒட்டிக் கிழக்கே போகும் பெரிய உராய்வுப் பட்டையும் அப்படித்தான். 55 கோடி வருடங்களுக்கு முன் கோண்டுவானா என்ற பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்தபோது அது நசுங்கியது.

என் மாணவியின் கேள்விக்கு இங்கேதான் பதில். இமயத்தில் முட்டி நிற்கும் தட்டும் நாம் உட்கார்ந்திருக்கும் தட்டும் ஒன்றே. முன்னால் சுவரில் முட்டியிருக்கும் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளினால் அழுத்தம் முன் பம்பரில் மட்டும் இருக்காது, வண்டி முழுவதும் ஏறும். இந்தியத் தீபகற்பம் முழுக்கப் பாறை ஏறக்குறைய வடக்கு தெற்காக நெருக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது. நல்ல பாறை தாங்கிக்கொள்ளும். பழைய பிளவு இருக்கும் இடத்தில் எப்போதாவது பிடி விடும்.

1900 பிப்ரவரி 8 அதிகாலை கோயம்புத்தூர்ப் பக்கம் விட்டது. ஏறக்குறைய 6 அளவு, தென்னிந்தியா முழுக்க உணர்ந்தார்கள். 1967 டிசம்பர் 11 மகாராஷ்டிரத்துக் கொய்னாவில் விட்டது. அங்கே அணையில் தேங்கிய நீரின் பாரமும், விரிசல்களுக்குள் இறங்கிய நீரின் அழுத்தமும் சேர்ந்துகொண்டன. 1993 செப்டம்பர் 30, மகாராஷ்டிரத்தில் லாத்தூர் பக்கத்துக் கில்லாரி. பிள்ளையார் சதுர்த்தி விழா முடிந்து, சிலைகளைக் கரைத்துவிட்டு வந்து தூங்கிக்கொண்டிருந்த ஊர். அதிகாலை நாலு மணிக்கு நாலு நிமிடம் முன்னால். அளவு 6.2. இமயத்தில் இந்த அளவு வந்தால் இரண்டு நாள் செய்தி. கில்லாரியில் பத்தாயிரம் பேருக்கு நெருக்கமாக இறந்தார்கள். பெரிய கற்களை மண்ணில் பதித்து எழுப்பிய தடித்த சுவர்கள், மேலே கனமான மண்கூரை. அதுவரை இருந்த நிலநடுக்க வரைபடத்தில் அந்த ஊர் முதல் மண்டலம், அதாவது ஆபத்தே மிகக் குறைந்த இடம். 2002இல் திருத்திய வரைபடத்தில் முதல் மண்டலம் என்பதையே எடுத்துவிட்டார்கள்.

அந்த 2002 வரைபடத்தில் பெங்களூரு இரண்டாம் மண்டலம். தருமபுரி, சேலம், கோயம்புத்தூர், சென்னை எல்லாம் மூன்றாம் மண்டலம். ஐந்தாம் மண்டலமான அசாமோடு ஒப்பிட்டால் இது மிதமானது. பயந்து தூக்கம் கெட வேண்டியதில்லை. ஆனால் வீடு கட்டும்போது கணக்கில் எடுத்தே ஆக வேண்டிய எண்.

பரிசலைவிட்டு இறங்கும்போது மாமா கேட்டார்: "மாடியில நான் எடுக்கிற ரூமுக்கு எதாவது பார்க்கணுமா மாப்ள?" நாலு நாளில் அவர் கேட்ட கேள்விகளிலேயே எனக்கு மிகவும் சந்தோஷம் கொடுத்தது அதுதான்.

நாள் 5: தருமபுரி, மாமா வீட்டு மாடி

காலை எட்டு மணிக்கே கொத்தனாரும் கம்பி கட்டுகிறவரும் வந்துவிட்டார்கள். பில்லர் கம்பி நின்றுகொண்டிருந்தது, ரிங் வளைத்துக் கோத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எல்லா ரிங்கிலும் முனை செங்கோணத்தில், அதாவது 90 டிகிரியில் மடங்கி நின்றது.

அவரிடம் ஒரு ரிங்கை வாங்கிக் காட்டினேன். பக்கவாட்டில் ஆட்டும் அலை வரும்போது பில்லரின் மேல் காரை முதலில் உதிரும். அப்போது 90 டிகிரியில் மடக்கிய முனை வெளியே விரிந்து திறந்துகொள்ளும். ரிங் திறந்தால் உள்ளே நிற்கும் கம்பி வெளியே பிதுங்கும், பில்லர் உட்காரும். முனையை இன்னும் உள்ளே, 135 டிகிரிக்கு மடக்கினால் நுனி பில்லரின் நடுக் கான்கிரீட்டுக்குள் கொக்கி போட்டுக்கொள்ளும், காரை உதிர்ந்தாலும் விடாது. செங்கல் சுவராக இருந்தால் ஜன்னலுக்கு மேல் மட்டத்தில் வீட்டைச் சுற்றி ஒரே பெல்ட் கான்கிரீட், அறுபடாமல். இது இரண்டுக்கும் ஆகும் கூடுதல் கம்பி மொத்தச் செலவில் சிறு பகுதி. அதை மிச்சம் பிடிக்கிறவர்களை நான் மன்னிக்க மாட்டேன்.

கொத்தனார், "நம்ம ஊர்ல நிலநடுக்கம் எங்க சார் வருது" என்றார். மாமாதான் பதில் சொன்னார். வாசலில் இறக்கியிருந்த கிரானைட் பலகைகளில் ஒன்றைத் திருப்பி வைத்து, நரம்பு விட்டுப்போய் நான்கு விரல்கடை தள்ளித் தொடரும் இடத்தைக் காட்டினார். பட்டறை மூலையில் கிடந்த அந்தப் பலகைதான். எனக்குத் தெரியாமல் நண்பரிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறார், படிக்கட்டில் பதிக்கப் போகிறாராம். "இது இங்கே வந்ததுதான்பா" என்றார்.

கம்பி கட்டுகிறவர் ஒன்றும் பேசவில்லை. மடக்கும் சாவியை எடுத்து, ஒரு ரிங்கின் முனையைப் பலகையில் வைத்து இன்னும் கொஞ்சம் உள்ளே வளைத்தார். தூக்கிக் காட்டினார்.

"இவ்வளவு போதுமா சார்?"

இன்னும் கொஞ்சம் என்றேன். வளைத்தார். சரி என்றேன். கோத்திருந்த ரிங்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பக்கத்தில் போட ஆரம்பித்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அத்தை கீழிருந்து கூப்பிட்டார்.